கேபினெட் வண்ண விளக்குகள் மினுக்கினால் என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன தீபாவளிக்கு அக்கா மகன் தன் முதல் கம்ப்யூட்டரைத் தானே அசெம்பிள் செய்தான். கண்ணாடிக் கதவு வைத்த கேபினெட், முன்னால் மூன்று ஃபேன், பின்னால் ஒன்று, எல்லாவற்றிலும் வண்ண விளக்கு. இரண்டு வாரம் அழகாக எரிந்தது. பிறகு ஒரு நாள் ராத்திரி போன் வந்தது. "மாமா, முன்னாடி ஃபேன் லைட்டெல்லாம் விட்டு விட்டு எரியுது. கடையில கேட்டா எஸ்எம்பிஎஸ் மாத்தணும்னு சொல்றாங்க."

எஸ்எம்பிஎஸ் என்பது வீட்டு மின்சாரத்தை வாங்கிக் கம்ப்யூட்டரின் பாகங்களுக்குக் கொடுக்கும் பெட்டி. போய்ப் பார்த்தேன். ஃபேன் விளக்குகளின் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் சின்னப் பலகைக்கு ஹப் என்று பெயர். அந்த ஹப்பிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் ஒயரில் ஒரு மூன்று பின் இணைப்பு பாதி வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை அழுத்தி, இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று சுற்றினேன். அன்றிலிருந்து இன்றுவரை மினுக்கவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு என்று எடுத்து வைத்திருந்த பணத்தில் அவன் ஒரு நல்ல கீபோர்டு வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு இதே கேள்வியோடு பலர் வந்துவிட்டார்கள். கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் கீழே சேர்த்து வைத்திருக்கிறேன். எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் இவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விளக்கு மினுக்குவது ஆபத்தா? உடனே அணைத்துவிட வேண்டுமா?

பெரும்பாலும் ஆபத்து இல்லை. ஆனால் நான்கு அடையாளங்களில் ஏதாவது ஒன்று இருந்தால் யோசிக்காமல் அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்: கருகிய வாடை, தொட்டால் சுடும் ஒயர், பழுப்பேறிய பிளாஸ்டிக் கனெக்டர், விளக்கு மினுக்கும்போதே கம்ப்யூட்டரும் ரீஸ்டார்ட் ஆவது.

குறிப்பாக ஹப்புக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா பவர் கனெக்டரை, அதாவது எஸ்எம்பிஎஸ் ஒயரின் நுனியில் உள்ள தட்டையான கனெக்டரைப் பாருங்கள். பழைய நான்கு பின் பவர் கனெக்டரான மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவு அடாப்டர் சில கேபினெட்டுகளில் இருக்கும். அதில் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி, ஒயர்களை ஒரே கட்டியாக வார்த்த வகை ஒன்று உண்டு. உள்ளே ஒயர்கள் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டித் தீப்பிடித்த சம்பவங்களால் கெட்ட பெயர் வாங்கிய வகை அது. உங்களிடம் இருந்தால், மினுக்கினாலும் மினுக்காவிட்டாலும் எடுத்துவிடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரடியாக வரும் சாட்டா ஒயரைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று. வீட்டில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால், வேகமாகத் துடிக்கும் வெளிச்சத்தை அவர்கள் முன் வைக்காதீர்கள். ஒளியால் வலிப்பு தூண்டப்படுபவர்களுக்கு நொடிக்கு 3 முதல் 30 முறை வரை துடிக்கும் ஒளிதான் அதிகம் பாதிப்பது. சரிசெய்யும்வரை விளக்கை அணைத்தே வையுங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

கையை வைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். எது மினுக்குகிறது? எல்லா விளக்கும் ஒன்றாகவா, ஒரே ஒரு ஃபேனா, ஒரு ஃபேனில் பாதியிலிருந்து மட்டுமா? எப்போது மினுக்குகிறது? ஆன் செய்ததுமா, விண்டோஸ் திறந்த பிறகா, கேம் ஓடும்போதா, வெள்ளை நிறம் வரும்போதா? மேசையைத் தட்டினால் மாறுகிறதா?

எல்லாம் ஒன்றாக மினுக்கினால் மூலத்தில் கோளாறு: ஹப், அதன் பவர் ஒயர், மதர்போர்டிலிருந்து வரும் ஒயர். ஒன்று மட்டும் என்றால் அந்த ஃபேன் அல்லது அதன் கனெக்டர். விண்டோஸ் திறக்கும்வரை ஒழுங்காக எரிந்து, திறந்ததும் மினுக்கத் தொடங்கினால் சாஃப்ட்வேர். விண்டோஸ் திறக்கும் முன் வரும் அமைப்புத் திரையான பயாஸிலேயே கால்மணி நேரம் விட்டுப் பார்ப்பது இதற்கு நல்ல சோதனை. அங்கேயும் மினுக்கினால் விண்டோஸைக் குறை சொல்ல வழியில்லை.

என்னிடம் இருப்பது ஆர்ஜிபியா, ஏஆர்ஜிபியா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இதை அறியாமல் ஒயரைத் தொடவே கூடாது.

நான்கு பின் இருந்தால் பழைய வகை ஆர்ஜிபி, 12 வோல்ட். ஒரு பின் 12 வோல்ட்டுக்கு, மற்ற மூன்றும் பச்சை, சிவப்பு, நீலத்துக்கு. ஸ்ட்ரிப் முழுக்க ஒரே நிறம்தான் எரியும். நான்கு பின் இடத்தில் ஒன்று காலியாக, மூன்று மட்டும் இருந்தால் ஏஆர்ஜிபி, 5 வோல்ட். ஒரு பின் மின்சாரம், ஒன்று டேட்டா, ஒன்று கிரவுண்ட். வானவில் போல நிறம் ஓடுவது இதில்தான்.

மதர்போர்டில் ஒயரைச் செருகும் பின் வரிசைக்கு ஹெடர் என்று பெயர். 5 வோல்ட் ஃபேனை 12 வோல்ட் ஹெடரில் செருகினால் எல்இடிக்கள் அந்த நொடியே கருகலாம். கருகாமல் பாதி செத்தவை பிறகு மினுக்கிக்கொண்டே இருக்கும், அவற்றைச் சரிசெய்ய முடியாது. மதர்போர்டில் அச்சடித்த எழுத்தைப் படியுங்கள். எம்எஸ்ஐ போர்டில் ஜே-ரெயின்போ என்றால் 5 வோல்ட், ஜே-ஆர்ஜிபி என்றால் 12. ஜிகாபைட்டில் டி-எல்இடி 5, எல்இடி-சி 12. ஆஸ்ராக்கில் அட்ரெஸ் எல்இடி 5, வெறும் ஆர்ஜிபி எல்இடி 12. சந்தேகம் இருந்தால் போர்டோடு வந்த கையேட்டைப் பார்க்காமல் செருகாதீர்கள். கனெக்டரில் உள்ள அம்புக்குறி, ஹெடரில் 5 வோல்ட் அல்லது 12 வோல்ட் என்று குறித்த பின்னோடு பொருந்த வேண்டும்.

ஒரு ஃபேன் வரை சரியாக எரிகிறது, அதற்குப் பிறகு வருவதெல்லாம் மினுக்குகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பிடிக்கும். ஏஆர்ஜிபி எப்படி வேலை செய்கிறது என்பது இதில் முழுசாகப் புரிந்துவிடும்.

வகுப்பில் டீச்சர் கேள்வித்தாள் கட்டை முதல் பெஞ்சில் கொடுப்பார். முதல் பையன் தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைப் பின்னால் நீட்டுவான். ஏஆர்ஜிபி எல்இடிக்களும் அப்படித்தான். டபிள்யூஎஸ் 2812 என்ற சிப்பும் அதன் வழியில் வந்தவையும்தான் இவற்றில் பரவலாக இருக்கின்றன. ஒவ்வொரு எல்இடிக்குள்ளும் ஒரு சின்னக் கண்ட்ரோலர் உண்டு. வரும் டேட்டாவில் முதல் 24 பிட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும்: ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட். மீதியை அடுத்த எல்இடிக்குத் தள்ளிவிடும். இது நொடிக்கு 8 லட்சம் பிட் வேகத்தில் நடக்கிறது.

நடுவில் ஒரு பையன் கட்டைக் கீழே போட்டுவிட்டால் பின் பெஞ்சுகளுக்கு ஒன்றும் வராது, வந்தாலும் கலைந்து வரும். அதேதான் இங்கேயும். ஆகவே மினுக்கும் முதல் எல்இடியைத் தேடுங்கள். கோளாறு அதில் இருக்கலாம், அல்லது அதற்கு முன்னால் ஒழுங்காக எரியும் கடைசி எல்இடியில் இருக்கலாம். அது வாங்கிக்கொள்கிறது, ஆனால் கடத்த மறுக்கிறது. ஃபேன்களைச் சங்கிலியாகக் கோத்திருந்தால் சந்தேகப்படும் ஃபேனை எடுத்துவிட்டு, முந்தையதையும் பிந்தையதையும் நேராக இணைத்துப் பாருங்கள். மினுக்கல் நின்றால் ஆள் பிடிபட்டது.

கனெக்டர்கள் எல்லாம் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கின்றன. இன்னும் என்ன பார்ப்பது?

பார்ப்பது போதாது, கழற்றிச் செருக வேண்டும். நான் பார்த்த மினுக்கல்களில் பாதிக்கு மேல் இங்கேதான் முடிந்தன. இந்த மூன்று பின் கனெக்டரில் சாட்டா ஒயர்போலக் 'கிளிக்' என்று பிடிக்கும் பூட்டு கிடையாது. துளை மட்டும் உள்ள இரண்டு 'பெண்' கனெக்டர்களை இணைக்க நடுவில் தனியாக ஒரு பின் துண்டு வைப்பார்கள். ஃபேனின் அதிர்விலும், பின்பக்கக் கதவை மூடும்போது ஒயர்கள் அழுந்துவதிலும் அது மெல்ல மெல்ல நழுவும்.

முதலில் கம்ப்யூட்டரை அணையுங்கள். எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள ஸ்விட்சையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, முன்பக்க பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். விண்டோஸை மட்டும் அணைத்துவிட்டுக் கையை வைக்க வேண்டாம். சில போர்டுகளில் அணைத்த பிறகும் அந்த ஹெடரில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். செருகும்போது பின் தவறி உரசினால் ஹெடரே போய்விடும்.

பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி, பின்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, முழுசாக அழுத்திச் செருகி, டேப் சுற்றுங்கள். சில கேபினெட்டோடு சின்ன பிளாஸ்டிக் கிளிப் தருவார்கள். அது இந்த இணைப்பைப் பிடித்து வைக்கத்தான், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் பின்களில் பச்சை அல்லது வெள்ளைப் பூச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள்.

சிவப்பு, நீலம் எல்லாம் சரி. வெள்ளை போட்டால் மட்டும் மினுக்குகிறது, கடைசி ஃபேன் மஞ்சளாகத் தெரிகிறது.

மின்சாரம் போதவில்லை. கணக்கைப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

டபிள்யூஎஸ் 2812 வகை எல்இடியில் ஒவ்வொரு நிறமும் முழு வெளிச்சத்தில் சுமார் 20 மில்லி ஆம்பியர் இழுக்கும். சிவப்பு மட்டும் எரிந்தால் 20. வெள்ளை என்றால் மூன்றும் சேர்ந்து 60. ஒரு ஃபேனில் 16 எல்இடி, அப்படி ஆறு ஃபேன் என்றால் 96 எல்இடி. முழு வெள்ளையில் 5.76 ஆம்பியர். ஆனால் மதர்போர்டின் ஏஆர்ஜிபி ஹெடர் ஒன்று வழக்கமாகத் தாங்குவது 3 ஆம்பியர். புதிய எல்இடிகளில் சில இதைவிடக் குறைவாக இழுக்கும். அப்படியிருந்தாலும் ஒரு இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒயர் போட்டு ஆறு ஃபேனையும் ஒரே ஹெடரில் தொங்கவிடுவது சரியில்லை.

மஞ்சளாவதற்கும் காரணம் இதுதான். ஒயரின் கடைசியில் வோல்டேஜ் இறங்கும்போது முதலில் தடுமாறுவது நீலமும் பச்சையும். அவை எரிய சுமார் 3 வோல்ட் வேண்டும், சிவப்புக்கு 2 போதும். வெள்ளையிலிருந்து நீலம் குறைந்தால் மஞ்சள்தான் மிஞ்சும்.

எல்லாவற்றையும் முழுச் சிவப்பில் வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள், பிறகு முழு வெள்ளையில். சிவப்பில் அமைதி, வெள்ளையில் மினுக்கல் என்றால் சந்தேகமே வேண்டாம். உடனடித் தீர்வு, வெளிச்சத்தைப் பாதியாகக் குறைப்பது. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. நிரந்தரத் தீர்வு, சாட்டா பவரில் ஓடும் ஹப். அதில் மதர்போர்டிலிருந்து டேட்டா மட்டும் வரும், மின்சாரம் நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும். ஸ்ப்ளிட்டருக்கும் ஹப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கடையில் இரண்டையும் ஒரே பெயரில் விற்பார்கள், சாட்டா ஒயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஹப் இருக்கிறது, சாட்டாவும் செருகியிருக்கிறேன். இருந்தும் நிறங்கள் கண்டபடி ஓடுகின்றன.

ஹப்பில் வழக்கமாக இரண்டு நிலைகள் இருக்கும்: தானே நிறம் ஓட்டுவது, மதர்போர்டு சொல்வதைக் கேட்பது. கேபினெட் முன்பக்கப் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் மாறும், எத்தனை நொடி என்பது ஹப்புக்கு ஹப் வேறுபடும். மதர்போர்டு நிலையில் வைத்துவிட்டு அந்த ஒயரைச் செருகாமல் விட்டால் டேட்டா பின் அந்தரத்தில் நிற்கும். பக்கத்து ஒயர்களின் இரைச்சலை எல்லாம் கட்டளை என்று நினைத்து எல்இடிக்கள் தாறுமாறாக எரியும்.

பட்டனையும் கவனியுங்கள். பல கேபினெட்டுகளில் ரீசெட் பட்டனையே விளக்கு பட்டனாக ஹப்பில் செருகியிருப்பார்கள். அது உள்ளே சிக்கிக்கொண்டால் யாரோ விடாமல் அழுத்துவது போல நிறம் மாறிக்கொண்டே இருக்கும். மினுக்கல் என்று சொல்லி என்னிடம் வந்த ஒரு கேபினெட்டில் இதுதான் நடந்தது. பட்டன் ஒயரை ஹப்பிலிருந்து கழற்றினால் தெரிந்துவிடும்.

விண்டோஸ் திறந்ததும் மினுக்குகிறது. எந்த சாஃப்ட்வேரை வைத்துக்கொள்வது?

ஒன்றை. எதை என்பது இரண்டாம் பட்சம். ஏசுஸின் ஆர்மரி கிரேட், எம்எஸ்ஐ சென்டர், ஜிகாபைட்டின் ஆர்ஜிபி ஃப்யூஷன், கோர்செரின் ஐக்யூ, சிக்னல்ஆர்ஜிபி, ஓப்பன்ஆர்ஜிபி என்று ஆளுக்கு ஒன்று இருக்கிறது. ரேம் ஒரு கம்பெனி, போர்டு ஒரு கம்பெனி, ஃபேன் ஒரு கம்பெனி என்று வாங்கும்போது மூன்றும் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். ஒன்று சிவப்பு என்று சொல்லும், அடுத்தது நீலம் என்று சொல்லும். விளக்கு இரண்டுக்கும் நடுவே துடிக்கும். ரேம் விளக்குகளில் இது அதிகம், ஏனென்றால் எல்லா சாஃப்ட்வேரும் ஒரே பாதையில்தான் ரேமோடு பேசுகின்றன.

விண்டோஸ் 11-இல் 2023-ஆம் ஆண்டு டைனமிக் லைட்டிங் என்ற வசதி வந்தது. செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன் பகுதியில் இருக்கும். நீங்கள் எதுவும் இன்ஸ்டால் செய்யாவிட்டாலும் அது சில சாதனங்களைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். வேறு சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் அதை அணைத்துவிடுங்கள்.

கேம் விளையாடும்போது மட்டும் மினுக்குகிறது.

முதலில் எந்த எஃபெக்ட் போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். இசைக்கு ஏற்ப ஆடும் எஃபெக்ட்டும் பிராசஸர் சூட்டுக்கு ஏற்ப நிறம் மாறும் எஃபெக்ட்டும் கேமில் கோளாறு போலவே தெரியும். ஒரே நிலையான நிறத்தில் வைத்துப் பாருங்கள்.

அதிலும் மினுக்கினால், கிராஃபிக்ஸ் கார்டு இழுக்கும்போது எஸ்எம்பிஎஸ் தடுமாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏடிஎக்ஸ் விதிப்படி 5 வோல்ட் வரிசை 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருக்க வேண்டும், 12 வோல்ட் வரிசை 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில். உபயோகத்தில் இல்லாத மோலெக்ஸ் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்து அளக்கலாம்: சிவப்பு ஒயர் 5, மஞ்சள் 12, கறுப்பு கிரவுண்ட். மல்டிமீட்டர் பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், இரண்டு பின் உரசினால் ஷார்ட் ஆகும். கேம் ஓடும்போது அளவு இந்த எல்லைக்கு வெளியே போனால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றலாம். அளக்காமல் மாற்றச் சொல்பவரிடம், எவ்வளவு வோல்ட் காட்டியது என்று கேளுங்கள்.

வீட்டில் வோல்டேஜ் ஏறி இறங்குகிறது. அதனால் இருக்குமா?

அநேகமாக இல்லை. ட்யூப்லைட் மங்கினால் கேபினெட் விளக்கும் மங்க வேண்டியதில்லை. 230 வோல்ட்டை வாங்கி நிலையான 5 வோல்ட்டாகக் கொடுப்பதுதான் எஸ்எம்பிஎஸ்ஸின் வேலை. வீட்டு விளக்கோடு சேர்ந்தே கேபினெட் விளக்கும் துடித்தால், சந்தேகம் எஸ்எம்பிஎஸ் பக்கம் திரும்பும்.

ஆனால் கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தால் எர்த் இல்லை என்று அர்த்தம். விளக்கை விட்டுவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

நேரில் சரியாக எரிகிறது, போனில் வீடியோ எடுத்தால் மட்டும் பட்டை பட்டையாக ஓடுகிறது.

கோளாறு இல்லை. எல்இடிக்கள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது உண்மையில் மங்குவதில்லை. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை, சிலவற்றில் ஆயிரக்கணக்கான முறை அணைந்து எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, படத்தை வரி வரியாக எடுக்கும் கேமராவுக்குத் தெரிந்துவிடும். ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் பட்டைகள் மங்கும். விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்தாலும் குறையும்.

ஒரே நிறத்தில் எரியும் பழைய எல்இடி ஃபேன் மங்கி மங்கி எரிகிறது.

அந்த வகையில் விளக்குக்குத் தனி ஒயர் கிடையாது, ஃபேனுக்கு வரும் மின்சாரத்திலேயே எரியும். போர்டு வோல்டேஜைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும்போது விளக்கும் சேர்ந்து மங்கும். பயாஸில் அந்த ஃபேனின் வேகத்தை முழுசாக வைத்தால் நின்றுவிடும்.

கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் விளக்கு எரிகிறது, சில சமயம் துடிக்கிறது.

அணைத்த நிலையிலும் வந்துகொண்டிருக்கும் ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டைப் போர்டு விளக்குக்கும் கொடுக்கிறது. பயாஸில் ஈஆர்பி என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள், பெரும்பாலான போர்டுகளில் அணைந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு கீபோர்டைத் தட்டி கம்ப்யூட்டரை எழுப்பும் வசதி, அணைத்த நிலையில் யூஎஸ்பியில் போன் சார்ஜ் ஏற்றும் வசதி எல்லாம் போகும். ராத்திரி அதில்தான் போனை மாட்டிவைப்பவர் என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டேன், அன்றிலிருந்து மினுக்குகிறது.

கழற்றிவிட்டு நேராக இணைத்துப் பாருங்கள். நீளம் கூடக்கூட டேட்டா சிக்னல் மழுங்கும். 5 வோல்ட்டில் ஓடும் டபிள்யூஎஸ் 2812 பி சிப், டேட்டா பின்னில் சுமார் 3.5 வோல்ட் வந்தால்தான் அதை 1 என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். கண்ட்ரோலர் 3.3 வோல்ட்டில் பேசினால் ஏற்கெனவே விளிம்பில்தான் நிற்கிறது, நீள ஒயர் அதையும் தள்ளிவிடும். ஹப்பை ஃபேன்களுக்குப் பக்கத்தில் நகர்த்தி ஒட்டினால் எக்ஸ்டென்ஷனே தேவைப்படாமல் போகலாம்.

ஒரு ஃபேனில் எல்இடி போய்விட்டது உறுதி. நானே சால்டர் செய்து மாற்றலாமா?

வாரண்டி இருந்தால் ஒயரை வெட்டாமல், ஸ்டிக்கரைக் கிழிக்காமல் கடைக்குக் கொண்டுபோங்கள். மினுக்குவதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வைத்துப் பார்க்கும்போது மினுக்காமல் போவது அடிக்கடி நடக்கும். வாரண்டி முடிந்திருந்தால், கைப்பழக்கம் உள்ளவர் முயலலாம். மற்றவர்கள் அந்த ஃபேனைச் சங்கிலியின் கடைசிக்கு மாற்றிவிடுங்கள், அதற்குப் பின்னால் கெட்டுப்போக ஒன்றும் இருக்காது.

எனக்கு விளக்கே வேண்டாம். ஹப்பைக் கழற்றிவிடலாமா?

ஃபேனிலிருந்து ஹப்புக்கு எத்தனை ஒயர் போகிறது என்று பாருங்கள். விளக்குக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்து, ஃபேன் ஒயர் மதர்போர்டுக்குப் போனால் ஹப்பைத் தாராளமாகக் கழற்றலாம். ஆறு பின் கொண்ட ஒரே கனெக்டர் என்றால் ஃபேன் சுற்றுவதற்கான 12 வோல்ட்டும் அதே ஹப் வழியாகத்தான் வருகிறது. அதைக் கழற்றினால் விளக்கோடு காற்றும் நின்றுவிடும். அப்படிப்பட்ட கேபினெட்டில் ஹப்பை அப்படியே விட்டு, பட்டனாலோ சாஃப்ட்வேராலோ விளக்கை மட்டும் அணையுங்கள். அணைத்த பிறகு கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்து, எல்லா ஃபேனும் சுற்றுகிறதா என்று எண்ணிவிடுங்கள்.